பழுது பார்த்தல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காருக்கு 'மகிழுந்து' என்று தமிழில் பெயர் வழங்குகிறது. அழகிய சொல், பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட சொல். ஆயினும் அச்சொல்லைப் படைத்தவர் இருபது ஆண்டுப் பழமையுடைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தவராக இருத்தல் இயலாது. அவ்வாறு வைத்திருந்தோர் அறிந்த மகிழுந்தில் மகிழ்தல் ஒரு பங்கு. உந்துதல் மூன்று பங்கு. நடுச்சாலையில் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியின் பின்புறம் நின்று உந்தியவர்களே அச்சொல்லின் முழுப்பொருளையும் உணர்ந்தவர்கள்.

இந்த உரையின் பொருள் ஒரு பழைய காரும், அதனோடு இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு குடும்பமும், அதன் பழுதுகளைப் பார்த்த ஒரு மெக்கானிக்கும் ஆவர். இலக்கிய வட்டத்தின் விழாவில் இப்பொருள் எதற்கு என்னும் வினா எழலாம். விடை உரையின் போக்கில் தானே விளங்கும்.

1960-களிலும் 1970-களிலும் இந்தியச் சாலைகளில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் ஒன்று. மும்பை குர்லாவில் உருவாகி, பின்னர் 'பிரீமியர் பத்மினி' எனப் பெயர் மாறிய ஃபியட் மற்றொன்று. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றாவது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆகவே நடுத்தரக் குடும்பம் ஒன்றின் முதல் கார், பெரும்பாலும் வேறொருவர் ஓட்டிக் களைத்த காராகவே அமைந்தது. வீட்டுக்குள் அடியெடுத்து வைக்கும்போதே அது மூத்த உறுப்பினர். இளமைக் கோலத்தில் அதைக் கண்டவர் அவ்வீட்டில் எவருமில்லை.

அம்பாசிடருக்கு மூலம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். 1950-களின் இறுதியில் இங்கு உருவாகத் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே திங்களில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் முகப்பு மாறியது, எஞ்சின் மாறியது, உடலின் உருவம் மட்டும் பெரிதாக மாறவில்லை. இது குறை என்றே பலராலும் பேசப்பட்டது. ஆனால் பழுது பார்ப்பவர்க்கு இதுவே பெரும் துணை. ஒரு தலைமுறை கற்ற வேலை அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டது. பானெட்டைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்காதது லேத்துப் பட்டறையில் கடைந்து கிடைத்தது.

அத்தகைய அம்பாசிடர் ஒன்று 1991-இல் திருவாரூரில் ஒரு தலைமையாசிரியர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தது. 1978-ஆம் ஆண்டின் மார்க் 3 வண்டி. சேமநல நிதியிலிருந்து முன்பணம் பெற்று அவர் அதை வாங்கினார். ஆடம்பரம் காரணமன்று. தாயார் இதய நோயாளி. மாதந்தோறும் தஞ்சாவூர் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தின் படியில் கால் வைக்க அவரால் இயலவில்லை. அந்த ஒரு படிக்காக வாங்கப்பட்ட வண்டி அது.

சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தனர். தாயார்தாம் முதலில் ஏற்றப்பட்டார். இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. வழியில நின்னுடாம போகுமா தம்பி?" என்று கேட்டார். மகன் விடை கூறவில்லை.

விடையை அடுத்த திங்களில் நீடாமங்கலம் ரயில்வே கேட் கூறியது. சித்திரை வெயில். கேட் மூடியிருந்ததால் எஞ்சினை நிறுத்தினார். ரயில் போயிற்று; கேட் திறந்தது; வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்ற பேருந்துகள் ஒலியெழுப்பின. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு விசிறியின் காற்றும் சாலையின் காற்றும் உண்டு. சூட்டோடு நின்ற எஞ்சினுக்கு இரண்டும் இல்லை. அச்சூட்டில் குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிட, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் ஆவிதான் வருமே தவிர எரிபொருள் வாராது. இவ்விளக்கம் தலைமையாசிரியர்க்கு அன்று தெரியாது. அருகில் நின்ற லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி வந்து, "ஈரத்துணி போடுங்க சார், தானா இறங்கும்" என்றார். தாயார் குடிப்பதற்கு வைத்திருந்த கூஜாத் தண்ணீரில் துண்டு நனைந்தது. பம்பின் மீதும் குழாயின் மீதும் சுற்றப்பட்டது. கால்மணி நேரத்தில் வண்டி உயிர் பெற்றது. "எனக்கு மட்டுமா தாகம்? அதுக்கும்தான்" என்றார் தாயார்.

அந்த வாரமே அவர் விளமல் செல்லும் சாலையில் ஒரு புளியமரத்தடிப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரார் அனைவருக்கும் 'பாய்' என்றே அறிமுகமான மெக்கானிக் அங்கு இருந்தார். தலைமையாசிரியர் தம் வழக்கப்படி ஒரு தாளில், "எஞ்சின் பகுதியில் கோளாறு, ஓசை வருகிறது" என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். பாய் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சத்தம் சார்? கடகடன்னா, டக்டக்னா, நெறுநெறுன்னா?"

முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் இரட்டைக்கிளவிக்குச் 'சலசல', 'மடமட' என்று எடுத்துக்காட்டுத் தந்தவர் அவர். 'டக்டக்' வால்வின் இடைவெளியைக் குறிக்கும் என்பதும், 'நெறுநெறு' பேரிங் தேய்வைக் குறிக்கும் என்பதும், 'கடகட' சைலன்சர் கட்டு விட்டதைக் குறிக்கும் என்பதும் இலக்கண நூலில் இல்லாதவை. பட்டறையில் இரட்டைக்கிளவி அணியன்று, நோய்க்குறி. சொல் தவறினால் வேறு உறுப்பைக் கழற்ற நேரும். ஒரு நாள் கூலி வீணாகும். ஒலிக்குச் சரியான சொல்லைத் தேடி அம்மனிதர் கண்ணை மூடி நின்ற நிலையைக் கண்ட தலைமையாசிரியர்க்குத் தம் கையிலிருந்த தாள் நாணத்தைத் தந்தது.

பட்டறை மொழி முழுவதும் அவ்வாறே உயிருடைய மொழி. வண்டி 'இழுக்கவில்லை', 'ஆயில் குடிக்கிறது', 'இருமுகிறது', 'புகை தள்ளுகிறது', ஒருநாள் 'படுத்துவிடுகிறது'. இவற்றை உருவகம் என்று எண்ணி எவரும் கூறுவதில்லை. கூறுபவர்க்கு அவை உள்ளது உள்ளபடி.

இவை அனைத்தினும் சிறந்தது 'பழுது பார்த்தல்' என்னும் தொடர். சீர்செய்தல், செப்பனிடுதல் என்னும் சொற்கள் இருக்க, மக்கள் வழக்கு 'பார்த்தல்' என்பதையே தேர்ந்துகொண்டது. வைத்தியம் பார்த்தல், பிரசவம் பார்த்தல், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுதல் என்னும் வரிசையில் வருவது இது. பழுதை நீக்குதல் பிறகு. முதலில் அதைப் பார்க்க வேண்டும். பார்க்க மறுத்தவர் நீக்க இயலாது.

தலைமையாசிரியரும் மெல்ல மெல்லப் பார்க்கக் கற்றார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கருகிய பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இடைவெளி வைக்கக் கற்றார். ஸ்டியரிங் தண்டோடு இணைந்த கியர் சிக்கிக்கொண்டால் பானெட்டைத் திறந்து கம்பிகளைக் கையால் தட்டி விடுவிக்கக் கற்றார். கறை படிந்த கையோடு வகுப்பறைக்குச் சென்ற நாள்களும் உண்டு. ஒரு நோட்டில் நாளும் வேலையும் செலவும் எழுதி வைத்தார். 1994: கியர் கம்பி. 1998: எஞ்சின் இறக்கி, போர் செய்து, பிஸ்டன் மாற்றம். 2002: ரேடியேட்டர். "ஏங்க, இந்த நோட்டை ஒருநாளாவது கூட்டிப் பாத்திருக்கீங்களா? கூட்டினா பெரியவளுக்கு இன்னொரு சங்கிலி வந்திருக்கும்" என்று துணைவியார் கூறுவார். அவர் கூட்டவில்லை. 1999-இல் தாயார் மறைந்தார். அதுவரை எட்டு ஆண்டுகள் வண்டி அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. உரிய நேரத்தில் சேர்ந்த நாள்கள் குறைவு. சேராத நாள் ஒன்றுமில்லை. நோட்டின் கணக்கில் வாராத வரவு அது.

அவரிடமும் ஒரு குறை இருந்தது. ஓட்டத்துக்குச் செலவிடுவார், நிறுத்தத்துக்குத் தயங்குவார். கைப்பிரேக் பிடிக்காமல் போன பின்னும், இறங்கியவுடன் சக்கரத்தின் கீழ் ஒரு கல்லை வைத்து நாளைக் கடத்தினார். அக்கல் டிக்கியிலேயே பயணம் செய்தது. திருவாரூர் ஆழித்தேரை அறியாதார் இலர். தொண்ணூற்றாறு அடி உயரம். நெடுங்காலம் ஓடாமல் நின்று, 1970-இல் மீண்டும் ஓடிய தேர். முட்டுக்கட்டை இட்டு நிறுத்தப்பட்டுவந்த அத்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தது. பாய் ஒருநாள் கல்லைக் கையில் எடுத்துக் காட்டி, "ஆழித்தேருக்கே பிரேக் வெச்சுட்டாங்க. உங்க வண்டிக்கு இன்னும் முட்டுக்கட்டையா சார்?" என்றார். பட்டறையே சிரித்தது. ஆனால் அன்று மாலைவரை அவர் வண்டியை வெளியே விடவில்லை. சக்கர சிலிண்டர்கள் நான்கும் மாற்றப்பட்டன. கைப்பிரேக் கேபிள் மாற்றப்பட்டது. சிரிக்க வைத்தபடியே கண்டிக்கத் தெரிந்தவர் அவர்.

தனியார் கார் ஒன்றின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1993, 1998, 2003, 2008 என்று நான்கு முறை அவ்வண்டி தேறியது. 2013-இல் ஐந்தாம் முறை. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். தாயார் அமர்ந்த பின்னிருக்கையில் பேத்தி அமர்ந்து பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தாள்.

பாய் வண்டியைப் பார்த்தார். எஞ்சினைக் கேட்டார், தலையசைத்தார். பின் உள்ளிருந்த ரப்பர் விரிப்பை நீக்கினார். ஸ்குரூ டிரைவரை எடுத்துத் தரைத் தகட்டில் மெல்ல ஊன்றினார். அது நுழைந்து மறுபுறம் சென்றது. கதவின் கீழ்க்கட்டிலும் அவ்வாறே நுழைந்தது. நெடுநேரம் அவர் பேசவில்லை.

"சார், எஞ்சின் இன்னும் பத்து வருஷம் ஓடும். அதைத் தாங்குற உடம்பு இல்லை. இந்த வண்டிக்குத் தனியா சேஸ் கிடையாது, உடம்புதான் சேஸ். துரு உள்ள போயிடுச்சு. இனிமே பேத்தியை இதுல ஏத்தாதீங்க. நான் இதுல வேலை பார்த்துக் காசு வாங்க மாட்டேன்."

இருபத்திரண்டு ஆண்டு நட்பில் தலைமையாசிரியர் முதன்முறையாகச் சினந்தார். பாய்க்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று வீட்டில் கூறினார். வேறொரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டு சென்றார். அங்கே எவரும் கேள்வி கேட்கவில்லை. தகரத்தை வெட்டித் துருவின் மேலேயே ஒட்டவைத்து, பட்டி பூசி, அடிப்புறம் முழுவதும் கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுத்தனர். "புது வண்டி மாதிரி ஆயிடுச்சு சார்" என்றனர். உண்மையிலேயே புதியதுபோல் இருந்தது. அப்பாராட்டைக் கேட்டுக்கொண்டே அவர் வீடு வந்தார்.

மறுநாள் காலை பேத்தி புத்தகப் பையோடு ஓடிவந்து ஏறி, பையைத் தரையில் போட்டாள். ஓசை எழுந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒலி கேட்டுப் பழகிய செவி அது. இரும்பின் ஓசை அன்று அது. வெற்றுத் தகரத்தின் ஓசை. அவர் பேத்தியை இறக்கினார். கைபிடித்து நடந்தே பள்ளியில் கொண்டுபோய் விட்டார். பின் வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு விளமல் சாலைக்குப் போனார்.

"பாய், நீங்க பழுதைப் பாத்தீங்க. அவங்க என் ஆசையைப் பாத்தாங்க" என்றார்.

பாய் எதுவும் கூறவில்லை. பையனை அனுப்பி இரண்டு தேநீர் வாங்கிவரச் செய்தார்.

வண்டி பிரிக்கப்பட்டது. எஞ்சின் கும்பகோணத்தில் ஒரு வாடகை அம்பாசிடருக்குப் போயிற்று. கதவுகளும் விளக்குகளும் தேவைப்பட்டவர்க்குப் போயின. துருப்பிடித்த உடல் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. பின்னிருக்கை மட்டும் புளியமரத்தடியிலேயே தங்கி, வேலை கற்கும் பையன்கள் அமரும் பெஞ்சு ஆயிற்று. கழித்துக் கட்டப்பட்டது வண்டி முழுவதும் அன்று. தாங்க இயலாத பகுதி மட்டுமே.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்றும் இந்நாட்டில் உண்டு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் வழங்கினார். 2010-இல் தாம் மறையும்வரை அவர் அக்காரைக் கைவிடவில்லை. அவர் மறைந்தபின் அது பார்ப்பாரின்றி நின்று துருவேறிச் சிதைந்தது. பின்னர் அதை உருவாக்கிய நிறுவனமே சீரமைத்துத் தன் தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது. வண்டியைக் காத்தது அதன் பெருமை அன்று. பார்க்க ஒருவர் இருந்தவரை அது வண்டி. பார்ப்பவர் போனபின் அது துரு. மீண்டும் பார்த்தபோது அது காட்சிப்பொருள் ஆயிற்று, ஓட்டப்பொருள் ஆகவில்லை.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வரலாம். ஓர் இலக்கிய வட்டத்துக்குப் பத்து ஆண்டு என்பது சிறு அகவை அன்று. திங்கள்தோறும் கூட்டம், கவிதை வாசிப்பு, நூல் வெளியீடு, பொன்னாடை என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவதே நலத்துக்குச் சான்று என்று எண்ணத் தோன்றும். ஆனால் வாசிக்கப்பட்ட ஒவ்வொரு கவிதைக்கும் 'அருமை' என்னும் ஒரே சொல் கிடைக்குமானால், அது கறுப்பு வண்ணம் அடித்தலின் வேறன்று. தகரத்தின் மேல் பூசிய பட்டி பார்வைக்கு அழகு. இளங்கவிஞர் ஒருவர் அதன்மேல் தம் சுமையை வைக்கும்போதுதான் ஓசை தெரியும். விரிப்பை நீக்கி ஸ்குரூ டிரைவரை ஊன்றும் ஒருவர் ஒவ்வொரு வட்டத்துக்கும் வேண்டும். அவர் பகைவராக இருத்தல் கூடாது. இருபத்திரண்டு ஆண்டுகள் கறை படிந்த கையோடு உடனிருந்தவராக இருத்தல் வேண்டும். அன்பில்லாதவர் பழுதைச் சொன்னால் அது பழி. அன்புடையவர் சொல்லாமல் விட்டால் அது கேடு.

நிறைவாக ஒரு சொல்லின் வரலாறு. மாற்றுச் சக்கரத்தை இந்நாட்டு மக்கள் 'ஸ்டெப்னி' என்பர். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904-இல் உருவான மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது; தெருவின் பெயர் கடல் கடந்து வந்து டிக்கிக்குள் குடியேறிவிட்டது. ஆனால் அக்கருத்து தமிழுக்குப் புதியதன்று. மேட்டிலும் பள்ளத்திலும் செல்ல நேரும் என்று அறிந்த உப்பு வணிகர், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் கூறுகிறார். 'சேம அச்சு' என்பது அதன் பெயர். அதை அதியமானின் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் அவர். தந்தை அச்சு; மகன் சேம அச்சு.

புளியமரத்தடிப் பாயின் மகன் இன்று கணினிக் கருவியை வண்டியில் பொருத்திப் பழுதின் எண்ணைப் படிக்கிறார். "மெஷின் நம்பர்தான் சொல்லும், பழுதை அவன்தான் பாக்கணும்" என்று தந்தை கூறுகிறார். தலைமையாசிரியரின் பேத்தி கல்லூரியில் பயில்கிறாள். அவள் பள்ளி சென்ற பின்னிருக்கையில் பையன்கள் அமர்ந்து, எஞ்சினின் ஓசைக்குச் சொல் தேடப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். வட்டத்தின் பின்வரிசையிலும் அவ்வாறு இளையோர் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் சேம அச்சுகள். அச்சு முறியும்வரை காத்திராமல் இன்றே அவர்களுக்குப் பழுது பார்க்கக் கற்பிப்பது பத்தாம் ஆண்டின் கடமை.

வட்டம் நெடுநாள் ஓடுக!